கன்னியப்பனின் ஆறு சிவப்புப் புள்ளிகள்

கன்னியப்பனை நான் மன்னித்து மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டதாக நம் லாரி உரிமையாளர் சங்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தின் இரங்கல் தாளிலும் ‘ஒருமுறை கவனம் தவறியபோதும் உரிமையாளரின் பெருந்தன்மையால் பணியில் தொடர்ந்தவர்’ என்று அச்சாகியிருக்கிறது. அது தவறு. மன்னித்தவர் அவர்.

அவர் இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர், அவரை ‘நைனா’ என்றே கூப்பிடும் என் டிரைவர் முனுசாமி. போன செவ்வாய்க்கிழமை காலை, மணியை அடிக்காமல் வாசல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார்.

“நைனா பூட்டாரும்மா,” என்றார். “டீ குடிச்சிக்கினு இருந்தாரு. கிளாஸ கீழ வெச்சாரு. அவ்ளோதான்.”

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் காலமான பிறகு, மந்தைவெளியில் எங்களுக்கிருந்த ஒரே லாரியை நானே நடத்தத் தொடங்கினேன். அடையாறில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். செங்கல் ஏற்றிப் போவோம். கன்னியப்பன் எங்கள் மெக்கானிக். முதல் நாள், கான்வென்ட்டில் படித்த நான் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாக விசாரித்தபோது, “கான்வென்ட்ல லாரிக்கும் பரீட்சை வெப்பாங்களாம்மா?” என்று கேட்டார். அவர் எதிரில் நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சிரித்தேன்.

ஒரு போல்ட்டை முழுதாக முடுக்கியபின் அதன் தலையில் சாக்பீஸால் புள்ளி வைப்பது அவர் வழக்கம். எண்ணெய் பட்டால் அது அழிந்துவிடும். இனி நான் பூசப்போவதில்லை என்று அலமாரியில் கிடந்த சிவப்பு நகப்பூச்சுப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு எல்லாம் சிவப்புப் புள்ளிதான். “புள்ளி இல்லேன்னா அதுல கன்னியப்பன் கை படலேன்னு அர்த்தம்,” என்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், கியர்பாக்ஸை இறக்கி ஃப்ளைவீலை மாட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினின் பின்புறம் சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் அது; கிளட்ச் அதன்மேல்தான் உட்காரும். ஆறு போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கும். நான்கை முடுக்கியிருந்தார். மற்ற இரண்டையும் கையால் திருகி விட்டிருந்தார். அன்று தி. நகரில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு நான் தலைமை. என் காரோ திணறிக்கொண்டிருந்தது. வழியில் நின்றுவிட்டால் சரிசெய்ய அவர் கூட வரவேண்டும் என்றேன்.

“ரெண்டு போல்ட்டு பாக்கிம்மா. முடிச்சிட்டு வந்துடறேன்.”

“நான் எங்கேயும் லேட்டாப் போனதில்லை, கன்னியப்பன். இப்பவே வரணும்.”

முனுசாமியிடம், “மத்ததை மாட்டி மூடிடு,” என்று சொன்னதும் நான்தான். போல்ட்டுகள் ஆறும் உட்கார்ந்திருந்ததால் வேலை முடிந்தது என்று நினைத்து அவரும் மூடிவிட்டார். மாலையில் திரும்பியதும், “மறுபடி எறக்கிப் பாத்துடலாம்மா,” என்றார் கன்னியப்பன். காலையில் லோடு இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

ஒரு வாரத்தில் கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி முழுதும் அதிரத் தொடங்கியது. சங்கத்து உரிமையாளர்கள் இருவர் பார்க்க வந்தார்கள். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றார்கள். கன்னியப்பன் வண்டிக்கடியில் படுத்து, ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டார்.

“முனுசாமி, பெடல அமுக்கு. ம்... வுடு. இன்னொருவாட்டி.” பிறகு வெளியே வந்தார். “அமுக்குனா சத்தம் அடங்குது. பிளேட்டு இல்ல. ஃப்ளைவீலு லூசாகீது.”

“ஆறு போல்ட்டை முடுக்கத் தெரியல. உங்களை மெக்கானிக்குன்னு வேற சொல்லிக்கறேனே! நாளையிலேருந்து வர வேண்டாம்,” என்றேன், அந்த இருவர் முன்னாலேயே. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கன்னியப்பன் மறுபடி வண்டிக்கடியில் போய்க் கியர்பாக்ஸை இறக்கினார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டு, டார்ச்சை அடித்துக் காட்டினார். நான்கு போல்ட்டுகளில் சிவப்பு இருந்தது. தளர்ந்திருந்த இரண்டில் இல்லை.

“அவங்களைத் திரும்பக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும்மா. வண்டி ஓடணும், அவ்ளோதானே.”

கூப்பிடட்டுமா என்று அவரைக் கேட்டிருக்கக் கூடாது. நானே கூப்பிட்டிருக்க வேண்டும். ஆறு புது போல்ட்டுகளை முடுக்கி, ஆறு புள்ளிகள் வைத்துவிட்டுப் போனவர் பத்து நாள் வரவில்லை. முனுசாமியை அனுப்பினேன், பிறகு நானே அவர் வீட்டுக்குப் போனேன். வந்தார். “ஒண்ணே ஒண்ணும்மா. போல்ட்டு முடுக்கறப்ப என்னைக் கூப்புடாதீங்க,” என்றார். நானும் அதன்பின் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்த இருவரிடமும் உண்மையைச் சொல்லவுமில்லை. இன்றைய இரங்கல் தாளில் உள்ள வரி என் மௌனத்திலிருந்து வந்தது.

அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி அந்தப் புட்டியை என் கையில் தந்தார். “இது அம்மாவுதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு.” உள்ளே பூச்சு காய்ந்து, தூரிகை அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தக் காகிதத்தின் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

போய் வாருங்கள், கன்னியப்பன். இந்த முறையும் கூப்பிடமாட்டேன்.

சங்கச் செயலாளருக்கு: ‘கவனம் தவறியபோதும்’ என்ற அந்த வரி தவறு என்று சங்கத்தின் அடுத்த இதழில் என் பெயரோடு வெளியிட வேண்டும். வெளியிடுவீர்களா, மாட்டீர்களா என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.