சேரப்பணஞ்சேரிக்கு வெயில் வேண்டுமா, நிழலா?

பெர்த் நகரில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மார்கரெட் என்றொரு ஆஸ்திரேலியக்காரி குடியிருக்கிறாள். ஒருநாள் நான் வாடிப்போன ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, ஏதோ சொல்லி, "நேட்டிவ்?" என்று முடித்தாள். நம்மூரில் நேட்டிவ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெயருக்கு முன்பே கேட்பது அதைத்தான். நானும் பெருமையாக, "சேரப்பணஞ்சேரி" என்றேன். அவள் அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். "அழகான பெயர். அதற்கு வெயில் வேண்டுமா, நிழலா?" "வெயில் நிறைய உண்டு" என்றேன். "தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்?" "ஒரு ஏரி அளவு." மார்கரெட் என் தோட்டத்தை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர்தான் மறுநாள் போய், அது செடியில்லை, ஊர் என்று அவளுக்கு விளக்கிவிட்டு வந்தார். அவள் சொன்னது அந்த மண்ணுக்கே உரிய செடிகளை. தானாக மழைக்குத் தழைக்கும், உரம் கேட்காது, பட்டாம்பூச்சியும் குருவியும் வரும். ரோஜாவைத் தூக்கிப்போட்டுவிட்டு அவள் சொன்னதையெல்லாம் வைத்தேன். ஒரே வருடத்தில் தோட்டம் கலகலவென்று ஆனது. எனக்கு மண்ணின் செடிப் பைத்தியம் பிடித்தது. சிறுவயதில் எங்கள் ஊரில் யாரும் செடியைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வந்தால் செடி. தானே முளைத்தால் களை. அவ்வளவுதான் எங்கள் தாவரவியல்.

அந்தப் பைத்தியத்தோடுதான் தொண்ணூற்றொன்றில் ஊருக்கு வந்தேன். என் அண்ணன் வேலு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஓ.டி. பார்த்துப் பார்த்து மெயின் ரோட்டை ஒட்டிப் புது வீடு கட்டியிருந்தார். மகள் சாந்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கற்பகம் அண்ணி வரிசையாக ரோஜா வைத்திருந்தாள். கேட்டுக்கு இருபுறமும் இரண்டு தைலமரக் கன்றுகள்.

"உனக்கோசரம்தான் வெச்சேன், வசந்தா" என்றாள். "உங்க ஊரு மரமாமே?"

ஆஸ்திரேலியா எப்போது என் ஊரானது என்று எனக்கே தெரியவில்லை. இது இந்த மண்ணின் மரமில்லை, வாசலில் நம்மூர்ச் செடிதான் வைக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். மறுநாளே ஏரிக்கரைக்குப் போய் நொச்சிக் கொம்பும் ஆடாதொடைக் கொம்பும் ஒடித்து வந்து நட்டேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "ப்ளேன்ல வந்து வேலிக்கம்பு நட்டுகினு கீது பாரு" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். கொம்புகள் துளிர்த்தன. கூடவே, கட்டட மண் கொட்டியிருந்த மூலையில் எருக்கு ஒன்று தானாக முளைத்தது. அண்ணி அதைப் பிடுங்க வந்தாள். பட்டாம்பூச்சி முட்டையிடும் செடி என்று நான் குறுக்கே நின்றேன்.

"வூட்டு வாசல்ல எருக்கு மொளைக்க உடுவாங்களா? குடி இல்லாத வூடுன்னு இல்ல நெனப்பாங்க!"

அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அன்று அவருக்கு லீவு.

ஐப்பசியில் மணிமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பையன் அண்ணனின் கம்பெனியிலேயே ஃபிட்டர். சாந்திக்கு அவனை பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பிடித்திருந்தது. இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர்கள் வரும் நாளன்று காலையில் வாசலில் அண்ணியின் அலறல். கேட் திறந்து கிடந்தது. யார் வீட்டு ஆடோ உள்ளே புகுந்து ரோஜாவையெல்லாம் முள்ளோடு தின்றுவிட்டுப் போயிருந்தது. தைலமரத்தைத் தொடவில்லை. நொச்சியைத் தொடவில்லை. ஆடாதொடையின் பெயரிலேயே சொல்லியிருக்கிறது, அதையும் தொடவில்லை. எருக்கு மட்டும் மழையில் குளித்து, அரசி மாதிரி நின்றது. அண்ணி என்னைத் திட்டாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிளறினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செடிப் பெருமையில் அண்ணன் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்த நாட்டுக்குப் போய் என்ன? எருக்கைப் பிடுங்கிவிடலாம் என்று கடப்பாரையோடு போனேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. கடப்பாரையோடு நின்றுதான் சம்பந்தி வீட்டாரை வரவேற்றேன்.

அவர்கள் எருக்கைப் பார்க்கவே இல்லை. பையனின் அப்பாவுக்கு அப்படியொரு ஜலதோஷம். கண் சிவந்து, மூக்கு சிவந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டே இறங்கினார். எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம பொண்ணு விஷயமா..." என்று ஆரம்பித்தார். பையனின் அப்பா தும்மினார். அவர் மனைவி சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள். "சகுனம் சரியில்ல. கொஞ்சம் தண்ணி குட்ச்சிட்டுப் பேசலாம்." தண்ணீர் வந்தது. "அதாவது, நம்ம பொண்ணு..." என்றார் அண்ணன். மறுபடியும் தும்மல். மழையைப் பற்றிப் பேசினால் தும்மல் இல்லை. ஏரி நிரம்பியதைப் பேசினால் இல்லை. பெண் என்ற சொல் வந்தால் மட்டும் கூரை அதிர்ந்தது. "இன்னிக்கு வேணாங்க, வேற நாள் பாக்கலாம்" என்று அந்த அம்மாள் எழுந்தேவிட்டாள். கதவுக்குப் பின்னால் சாந்தியின் முகம் செத்துப்போனது.

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். நொச்சியை மொட்டையடித்தேன். அண்ணி பாலை இறக்கிவிட்டு அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள். காபித் தட்டோடு வர வேண்டிய கல்யாணப் பெண், பட்டுப்புடவையில், நொச்சித் தழை கொதித்து ஆவி பறக்கும் குண்டானோடு கூடத்துக்கு வந்தாள். குனிந்த தலை நிமிராமல் அதை அவர் முன்னால் வைத்து, வருங்கால மாமனாரின் தலைமேல் கம்பளியைப் போர்த்தினாள். உள்ளேயிருந்து, "அப்பாடா... ஸ்ஸ்... அம்மா..." என்று சத்தம் வந்தது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சாந்தியும் சிரித்துவிட்டாள். பெண் பார்க்கும் இடத்தில் பெண் சிரித்த சத்தம் ஊரிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அப்பா, பேசலாமா?" என்றான் பையன்.

"பேசறதுக்கு இன்னா கீது?" என்றது கம்பளி. "பொண்ணு நம்ம வூட்டுக்குத்தான். மூக்கு தொறந்துகிச்சுடா!"

அந்த அம்மாள் தும்மலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. உட்கார்ந்து கேசரித் தட்டை எடுத்துக்கொண்டாள். போகும்போது மிச்சமிருந்த நொச்சித் தழையையும் கட்டி வாங்கிக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் முடிந்து நான் கிளம்பும் நாள் காலையில், ரோஜா இருந்த குழிகளில் அண்ணியும் நானும் சேர்ந்து நொச்சி நட்டோம். "எருக்கை நீ போனதும் புடுங்கிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிடுங்குவாள்.

பெர்த் விமான நிலையத்தில் குவாரண்டைன் அதிகாரி என் செருப்பைக் கழற்றச் சொன்னார். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதாம். உள்ளே கொண்டுபோய் பிரஷ் வைத்துத் தேய்த்து, புதுச் செருப்பு மாதிரி திருப்பித் தந்து, "இப்போது எல்லாம் சுத்தம். வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்" என்றார். நன்றி சொல்லிவிட்டு ஈரச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். விரல்களை மட்டும் கைக்குள் மடக்கி வைத்திருந்தேன். நகக்கண்ணில் சேரப்பணஞ்சேரி அப்படியே இருந்தது.