ஒசத்தி ஸ்வெட்டர்

பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் இல்லை, கம்பளிக்கே உரிய ஆட்டு மணமும் இல்லை. கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் மருந்து நெடி தங்கியிருக்குமே, அப்படி ஒன்று, அதற்கு அடியில் லேசாகப் பவுடர் வாசம். செக்கச்செவேலென்ற அந்த ஸ்வெட்டரை அம்மா விரித்துப் பிடித்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். என் கை இன்னும் உள்ளே போகவே இல்லை, அதற்குள் அதன் முழங்கைகள் இரண்டும் மடங்கியிருந்தன.

தளியை ஒட்டிய எங்கள் ஊரில் ஐம்பதுகளின் மார்கழி என்றால், வெயில் ஏறும்வரை எதிரே வருகிறவர் முகம் தெரியாது. அதை "மங்குப்பனி" என்போம். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். உருளைக்கிழங்கும் கோஸும் விளைவித்து ஓசூருக்கு வண்டியேற்றிய என் அப்பாவுக்கு உலகத்துச் சாமான்கள் எல்லாம் இரண்டே வகை: "ஒசத்தி", "மட்டம்". எது எந்த வகை என்று அவர் சரக்கைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ததில்லை. விலையைக் கேட்டே முடிவு செய்தார். "ஒசந்த விலை சொல்றவன் ஒசந்த பொருள்தான் வெச்சிருப்பான்" என்பார். "காசக் குடுத்தா கண்ணையும் சேத்தா குடுத்துடணும்?" என்று அம்மா முணுமுணுப்பாள். ஓசூர்க் கடைத்தெருவில் அன்றைக்கு ஜவுளிக்கடைக்காரர் எடுத்துப்போட்டவை இரண்டு. ஒன்று நம் பக்கத்துக் கம்பளி நூலில் பின்னிய, சுரசுரவென்ற சாம்பல்நிற ஸ்வெட்டர். மற்றது, பெங்களூர்ச் சரக்கு என்று சொல்லி அலமாரியின் உள்ளறையிலிருந்து எடுத்த இந்தச் சிவப்பு. சாம்பலைப்போல மூன்று மடங்கு விலை. அப்பா சிவப்பைத்தான் எடுத்தார்.

வீட்டுக்கு வந்த அம்மா அதை உள்புறம் திருப்பிப் பார்த்தாள். கழுத்துப்பட்டிக்கு அடியில், சிவப்பு முடிந்த இடத்தில், ஒரு விரற்கடை நீளத்துக்கு நீல நூல் ஓடியிருந்தது. பெங்களூர்க்காரர்களின் நாகரிகம்போல என்று விட்டுவிட்டாள். நான் அதைப் போட்டுக்கொண்டேன். மெத்தென்று இருந்தது. ஆனால் கையை நீட்டும்போதெல்லாம் யாரோ உள்ளிருந்து மெல்ல மடக்கிக்கொள்வதுபோல ஓர் இழுப்பு இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு விலை கொடுத்த ஸ்வெட்டரைப் பற்றி எப்படிக் குறை சொல்வது?

பொங்கலுக்குச் சாமான் வாங்க மூவரும் மறுபடி ஓசூருக்குப் போனோம். அன்றும் பனி விலகவில்லை. கடைத்தெருவில் நடக்கும்போது பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வெல்லம் பார்க்க நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது. திரும்பினால் பனிதான். கடைசியில் அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"ஸ்டெல்லா."

அது என் பெயர் இல்லை. ஆனாலும் நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பெண் வந்து என் முன்னால் மண்டியிட்டாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என்பதும், அருளம்மா என்ற பெயரும் பிறகு தெரிந்தவை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டியை மெல்ல மடித்து நீல நூலைத் தடவினாள்.

"செவப்பு நூலு பத்தலீங்க. நீலத்துல முடிச்சேன். இது எம் பாப்பா ஸ்வெட்டரு."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடையில ரொக்கம் குடுத்து வாங்குனதும்மா. ஒசத்திச் சரக்கு. பெங்களூர்லருந்து வந்தது."

"பெங்களூர்லதாங்க செத்துப்போனா."

மீதியையும் அவளே சொன்னாள், பாடம் ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல். தொற்றுக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தொடவிடவில்லை. உயிர் போனபிறகு, போட்டு அனுப்புங்கள் என்று இந்த ஸ்வெட்டரை வாசலில் ஓர் ஆளிடம் கொடுத்திருக்கிறாள். ஆணியடித்த சவப்பெட்டிதான் திரும்பக் கிடைத்தது. "உள்ள இதப் போட்டுக்கினுதான் படுத்திருக்கான்னு இருந்தேன். அப்போ எம் பொண்ணு குளிர்லயா கெடக்குறா?"

அம்மா அழுதுகொண்டே என் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். அருளம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பனியில கழட்டாதீங்கக்கா. கொழந்தைக்குச் சளி புடிச்சிக்கும்."

அப்பா நேரே ஜவுளிக்கடைக்குப் போனார்; நாங்களும் அருளம்மாவும் பின்னாலேயே போனோம். கடைக்காரர் மறைக்கவில்லை. மூட்டையாகப் பழந்துணி கொண்டுவந்து போடும் ஆள் ஒருவன் உண்டு, எங்கிருந்து என்று தான் கேட்பதில்லை என்றார்.

"பழசுக்கு எதுக்குய்யா அவ்ளோ வெல சொன்ன?"

"கொறச்சு சொல்லியிருந்தா, ஏன் இவ்ளோ மலிவு, யார் போட்டதுன்னு நீயே கேட்டிருப்பண்ணா. கூட்டிச் சொன்னேன், நீ கேக்கல."

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்காமல், அந்தச் சாம்பல்நிற ஸ்வெட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். கடைக்குள்ளேயே மாற்றிக்கொண்டேன். சுரசுரவென்று குத்தியது, கை தன்பாட்டுக்கு நீண்டது.

கழற்றிய சிவப்பை அருளம்மா வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் மாறியது. "சூடா இருக்குது" என்றாள், என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்து. அது என் உடம்புச் சூடு. அடுத்த கணம் அதைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். அந்தச் சூடு ஆறுவதற்குள் பிள்ளையிடம் போய்ச் சேரவேண்டும் என்று எங்களுக்கும் புரிந்துவிட்டது. நாங்கள் மூவரும் பனியில் அவள் பின்னால் ஓடினோம்.

கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சின்ன மேட்டில் இன்னும் புல் முளைத்திருக்கவில்லை. அவள் விரல்களால் மண்ணைப் பறித்தாள். அப்பா ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கூடவே பறித்தார். முழங்கை ஆழம் தோண்டியதும், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல ஸ்வெட்டரை உள்ளே வைத்தாள். "நீ மூடு கண்ணு. உன் சூடுதான்" என்றாள். இரண்டு கைப்பிடி மண்ணை நான் போட்டேன். செம்மண் சிவப்பின்மேல் விழுந்தது. எது மண், எது கம்பளி என்று தெரியவில்லை. என் தோள்கள் குளிர்ந்தன. மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தும் வீடுவந்து சேரும்வரை அந்தக் குளிர் விடவில்லை.

அதன்பின் அப்பா கடைகளில் விலையை முதலில் கேட்பதை நிறுத்தினார். குடையோ, செருப்போ, பித்தளைச் செம்போ, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். "வாங்குனா உங்களோடதுதாங்க" என்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். பதில் சரியாக வரும்வரை நிற்பார். சாகும்வரை அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அந்த ஜவுளிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் சாலையில் மங்குப்பனி இறங்குவதில்லை. இறங்கினாலும் புகையா பனியா என்று தெரிவதில்லை. மேடுகள் எல்லாம் சமமாகிவிட்ட கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லாவின் இடத்தை என்னால் காட்ட முடியாது. அருளம்மாவை நினைவு வைத்திருப்பவர்களும் யாரும் இல்லை.

போன டிசம்பரில் ஓசூரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய கடைக்குள் ஸ்வெட்டர் வாங்கப் போனேன். மாடிமாடியாக அடுக்கியிருந்தார்கள். மெத்தென்று ஒன்று கைக்கு வந்தது. உள்புறம் திருப்பிப் பார்த்தேன். எல்லாத் தையலும் ஒரே நிறம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணிடம், "யாரோடதும்மா இது?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்கு என் கேள்வியில் விநோதம் எதுவும் தெரியவில்லை.

"கம்பெனிப் பேரு அதுலயே போட்டிருக்குதுங்களேம்மா" என்று விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.