களஞ்சியத்தில் இல்லாத மரங்கொத்தி

சகாயமேரி மேடம் காலமான செய்தியைச் செவ்வாய்க்கிழமை காலை அவர் தம்பி அருள் தொலைபேசியில் சொன்னார். மயிலாப்பூர் அலுவலகத்தில் எங்களோடு பறவைக் கலைக்களஞ்சியத்துக்காக உழைத்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். கோவையாகச் சொல்ல வராது என்பதால் எண்ணிட்டுக்கொள்கிறேன்.

1. அவர் எழுதிய மரங்கொத்திக் கட்டுரை.
2. அதை நீக்கிய கூட்டம்.
3. நான் சொன்ன பொய்யை அவர் நம்பியது.

அட்லாண்டிக் தீவு ஒன்றில் வாழ்ந்து அழிந்துபோன மரங்கொத்தி அது. குகைகளில் கிடைத்த எலும்புகள்தான் அதற்குச் சாட்சி. விலங்கியல் ஆசிரியையாக ஓய்வுபெற்றிருந்த மேடம், அந்த எலும்புகளின் படத்துக்காக வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதினார். “உலகத்துல வேற எங்கயும் இல்லாத பறவை சார். தமிழ்ல ஒரு பக்கம் குடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்பார்.

பக்கங்களைக் குறைக்க வேண்டிய கட்டம் வந்தது. பதிப்புக் குழுவில் அவருக்கு இடமில்லை; எனக்கு இருந்தது. “மெய்ப்பு பார்த்தவர் நீங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்று கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் தாளைத் தூக்கிக் காட்டினார். “போட்டோவே இல்லை. நாலு எலும்பை வச்சுண்டு ஒரு பக்கமா? மயிலுக்கு இன்னொரு கலர் படம் போட்டுடலாம்.” எல்லோரும் சிரித்தார்கள். “நீர் என்ன சொல்றீர்?” என்று என் பக்கம் திரும்பினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். “உங்க இஷ்டம் சார்” என்றேன்.

படிக்கட்டில் மேடம் நின்றிருந்தார். எவ்வளவோ வாதாடினேன், அவர்கள் கேட்கவில்லை என்றேன். “தேங்க்ஸ் சார்” என்றார். அதன்பின் களஞ்சியத்துக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. லஸ் பக்கம் எதிர்ப்பட்டால் என் முழங்கால் வலியை விசாரிப்பார். நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆழ்வார்பேட்டையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதே பதிப்பாசிரியர், களஞ்சியத்தின் தூண் சாய்ந்துவிட்டது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கூட்டம் கலைந்தபின் அருள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “அந்த ரூம் கதவு சரியா சாத்தாது சார். அக்கா வெளியவே நின்னுக்கினு எல்லாத்தையும் கேட்டாங்க. ‘பயந்த மனுஷன்டா, எனக்குத் தெரியும்னு காட்டிக்காத’ன்னாங்க. இத்தினி வருஷம் நானும் காட்டிக்கல.”

மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கட்டுரையின் மெய்ப்புத்தாள் மட்டுமே. ஓரத்தில், கூட்டத்துக்கு முந்தைய நாள் நான் பென்சிலால் எழுதியது இருக்கிறது: “பிழையில்லை. மிக நன்று.”

மேலே மூன்றாவதாக நான் எழுதியிருப்பது தவறு. அவர் நம்பவில்லை.