ரேணுகா அக்கா எழுத வைத்த மனுக்கள்

ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கிப் படியேறிக்கொண்டிருந்தபோது தாஸ் அழைத்தார். ஆட்டோ ஓட்டுகிற தாஸ், சாலையை எதிர்த்த எங்கள் குழுவில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த சிலரில் ஒருவர். "சார், ரேணுகாக்கா பூட்டாங்க சார். காத்தால எய்ந்துக்கவேயில்ல" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. அடுத்த விசாரணைக்கு இனி யார் போவது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேக்காட்டுக்குப் பின்னால் வேலி போட்டு, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று பலகை வைத்த காட்டுப் பூங்கா ஒன்று இருக்கிறது. அதை நடுவில் பிளந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு ஓர் இணைப்புச் சாலை போடத் திட்டம் வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் மரங்களில் வெள்ளை வட்டம் போட்டு எண் எழுதியிருந்தார்கள். அதை எதிர்த்து நின்றவர்களில் முதல் ஆள் ரேணுகா அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் தயாரிக்கும் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் குடியிருக்கும் அடுக்குமாடி நிற்கிற இடத்தில், அது வயலாக இருந்தபோது, அவருடைய அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார்.

எதிர்ப்பு மனுவை முதலில் தயாரித்தது நான்தான். கணினியில் உட்கார்கிறவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. 'இயற்கை அன்னையின் மடி' என்றெல்லாம் போட்டு, நானே மெச்சிக்கொண்டு எழுதினேன். டீக்கடை வாசலில் அதைப் படித்துக் காட்டியபோது அக்கா முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சார் இது? எவன்னா இப்டிப் பேசுவானா?"

"வேற எப்படிக்கா சொல்றது?"

"மயத்தண்ணி எங்கனா நிக்கணும் சார். காட்ல நிக்கலன்னா என் ஊட்டாண்ட வந்து நிக்கும். அத எய்து."

நான் எழுதவில்லை. அழகாக இருந்ததை விட மனம் வரவில்லை. அதையே நகலெடுத்துத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினோம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் வைத்தபோது எங்களுக்கு ஒரே பெருமை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மேலே இருந்த நான்கைந்து தாள்களைப் புரட்டினார். வாசகம் எல்லாம் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகப் பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டார். நான் வாதாடிப் பார்த்தேன். விதியைக் காட்டினார்.

கூட்டத்தில் அக்கா என்னை விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "எங்க அத்தினி பேர் வாயையும் சேத்து ஒரு வாயாக்கிட்டியே சார்." இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்ன வழிக்கு மாறினோம். கோடு போட்ட தாளும் பேனாவுமாக வீடுவீடாகப் போவார். யாரிடமும் எழுதிவைத்ததை நீட்டக்கூடாது. எழுதத் தெரிந்தவர்கள் அவர்களே எழுத வேண்டும். தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றாமல். 'எங்க ஊட்டுக்காரருக்கு சுகர் கீது, அங்கதான் நடக்குறாரு' என்று ஒருவர். 'அந்தாண்டதான் பசங்க பந்து ஆடுதுங்க' என்று ஒருவர். என் அடுக்குமாடிக்காரர்கள் சிலர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், சாலை வந்தால் வியாபாரம் நடக்கும், அதனால் வர வேண்டும் என்று எழுதிவிட்டார். அதைக் கட்டிலிருந்து உருவப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வையி சார். நாமதான கேட்டோம்? அத்த எடுத்துட்டா மிச்சத்த எவன் நம்புவான்?" அதுவும் சேர்ந்தே போனது. அந்தக் கட்டை யாராலும் ஒரே மனு என்று சொல்ல முடியவில்லை.

திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். நாங்கள் பட்டாசு வெடித்தோம். அக்கா திரும்பியும் பார்க்காமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "நிறுத்திதான சார் வச்சிகீறாங்க. வுட்டுடலியே" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. வேறு பெயரில், கொஞ்சம் வளைந்த கோட்டில், அதே சாலை திரும்ப வந்தது. இரண்டாம் முறை பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டி வலியோடு அக்கா அலுவலகங்களின் படியேறி இறங்கினார். தெம்பாக இருந்தார் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். "சலிச்சிப் போச்சி சார், மெய்யாலுமே சலிச்சிப் போச்சி" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்பார்.

நான்தான் நழுவினேன். அலுவலகம், உடம்பு, மகளின் தேர்வு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டார். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. அந்தச் சாலை வந்தால் வேலப்பன்சாவடியில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் பாதி நேரத்தில் போய்விடலாம் என்றேன்.

"தெரியும் சார். ஊரு மனுவெல்லாம் நீதான எய்தின. உன்னுது ஒன்னு வரவேயில்லியே. அப்பவே தெரியும்" என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அதுதான் தாங்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிப் போனார். நான் துணைக்கு இறங்கவில்லை.

அவர் இறந்து பத்து நாள் கழித்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. புதிய திட்டத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த ஆட்சேபணையை நேரில் வந்து விளக்க வேண்டுமாம். அவர் மகன் அதைத் தாஸிடம் கொடுக்க, தாஸ் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். இறப்புச் செய்தியைச் சொன்னதும் எழுத்தர் மரியாதையாகத்தான் வருத்தப்பட்டார். பிறகு மனுதாரர் உயிருடன் இல்லாததால் மனு நிற்காது என்று சொல்லி, பட்டியலில் அக்கா பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் நின்ற தாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் முத்திரை குத்தித் தந்த ரசீது சட்டைப்பையில் இருக்கிறது. ரேணுகா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சாலை நிற்குமா என்று எனக்குத் தெரியாது. மிகவும் களைப்பாக இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் போவேன். மனுவில் இரண்டே வரிகள்தான் எழுதினேன். 'இந்தச் சாலை வந்தால் எனக்கு நல்லது. இது வர வேண்டாம்.'