மோல்டு ஷாப் ஸ்கேலும் ரோஸ்லினின் விரலும்

1. புது எக்ஸ்சேஞ்ச்

"வசந்தா, அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடும்மா. எனக்கு வாய் வரல" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண், எங்கள் யூனிட்டின் டெலிபோன் ஆபரேட்டர் ரோஸ்லின். தொண்ணூறுகளின் நடுவில், விருத்தாசலத்தில் வாஷ்பேசினும் கக்கூஸ் பேசினும் வார்க்கிற ஒரு யூனிட்டில் நான் கம்ப்யூட்டர் செக்ஷன் பார்த்தேன். செக்ஷன் என்று பெயர்தான் பெரிது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு அகலமான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், நான். கம்ப்யூட்டருக்கு ஏசி உண்டு, அதற்காக எனக்கும் உண்டு. களிமண் தூசியில் வேலை செய்தவர்கள் எல்லாம் என்னை மகாராணி என்று கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

ரோஸ்லினுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஆபரேட்டர் டிரெயினிங் முடித்து வந்தவள். எங்களிடம் சரக்கு எடுக்கிற பார்ட்டிகளின் நம்பர் முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. "மதுரை பார்ட்டியப் போடும்மா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அங்கே மணி அடிக்கும்.

இப்போது பழைய டெலிபோன் போர்டை எடுத்துவிட்டுப் புது எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது. உள்ளே இருக்கிற எக்ஸ்டென்ஷன் நம்பர் மொத்தமும் மாறும். போதாததற்கு வெளியூர் நம்பர்களும் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. வாரத்துக்கு நாலு பார்ட்டியாவது நம்பர் மாறிவிட்டது என்று கடிதம் போடுவார்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்காகப் பேசுவார். "லிஸ்ட்டு நெதம் மாறுது. அந்தப் பொண்ணுக்கு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்ட ஒரு ஆள உக்கார வைக்க முடியுமா? புது எக்ஸ்சேஞ்சுல கண்ணு தெரிஞ்ச ஆளப் போடுறேன். ரோஸ்லின பேக்கிங்குக்கு மாத்திடலாம். வைக்கோல் சுத்தறதுக்குக் கண்ணு வேணாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், லிஸ்ட்ட அவங்களே படிக்கிற மாதிரி நான் அடிச்சுக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டேன். எப்படி அடிப்பேன் என்று அந்த நிமிஷம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"எக்ஸ்சேஞ்சு தொறக்க ஒரு மாசம் இருக்குது. அன்னிக்கு மொதலாளி வராரு. அவரு முன்னால அந்தப் பொண்ணு யார் உதவியும் இல்லாம நம்பர எடுத்துப் போடட்டும். சீட்ட அதுக்கே விட்டுடுறேன்" என்றார்.

2. அறுபது பாஷையும் ஆறு புள்ளியும்

விஷயத்தைச் சொன்னதும் ரோஸ்லின், "வைக்கோல் சுத்தறதுக்காங்க்கா நான் டிரெயினிங் எடுத்தேன்?" என்றாள். அவ்வளவுதான். உடனே போனை எடுத்துத் தன் பள்ளிக்கூடத்தில் பழைய சார் ஒருவரிடம் பேசினாள்.

நாலு நாளில் தபாலில் ஒரு ஃபிளாப்பி வந்தது. வெளிநாட்டில் யாரோ எழுதிய பிரெய்ல் மொழிமாற்ற சாஃப்ட்வேர். நாம் சாதாரணமாக டைப் செய்ததை அது விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளியாக மாற்றும். அதைப் போட்டதும் திரையில் முதலில் பாஷைகளின் பட்டியல் வந்தது. அரபு, டேனிஷ், ஃபின்னிஷ் என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றாக வாசிக்க, ரோஸ்லின் விரல் விட்டு எண்ணினாள். அறுபதைத் தாண்டியது.

"இத்தன பாஷைக்கும் வேற வேற புள்ளியா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அதே ஆறு புள்ளிதாங்க்கா. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிங்கறதுதான் மாறும். தமிழு எங்க இருக்குது?"

தமிழ் இல்லை. மேலிருந்து கீழே மூன்று தடவை பார்த்தேன். எனக்கு யார் பேரில் என்று தெரியாமல் ஒரு எரிச்சல். ஆனால் கடைசியில் ஒரு வசதி வைத்திருந்தார்கள்: பட்டியலில் இல்லாத பாஷைக்கு நாமே அட்டவணை எழுதிச் சேர்க்கலாம். ரோஸ்லினுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். ஆனால் படித்தது தமிழ் மீடியம். லைனில் ஆளை நிறுத்தி வைத்துவிட்டுத் தேடும்போது தமிழில்தான் வேகம் வரும்.

அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "க, ஒண்ணு, மூணு. ம, ஒண்ணு, மூணு, நாலு. ல, ஒண்ணு, ரெண்டு, மூணு." ஒரு கையில் சோற்றுருண்டை, மறு கையால் மேஜையில் புள்ளி தட்டிக் காட்டுவாள். ஒரு வாரத்தில் தமிழ் அட்டவணை முடிந்தது. கம்ப்யூட்டரில் பார்ட்டி பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருந்தன. அவற்றை உட்கார்ந்து தமிழ் உச்சரிப்புக்குத் திருத்தினேன். மாற்று என்று உத்தரவு கொடுத்ததும் முந்நூறு பார்ட்டியும் திரையில் புள்ளி புள்ளியாக வந்து நின்றன. நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். எதிரே இருந்தவளும் என்ன ஏது என்று கேட்காமல் சேர்ந்து தட்டினாள்.

3. ரிப்பன் இல்லாத பிரிண்டர்

திரையில் தெரிகிற புள்ளியால் ரோஸ்லினுக்கு என்ன லாபம்? காகிதத்தில் மேடாக வரவேண்டும். அதற்கென்று உள்ள மெஷின் எங்கள் ஊர்ப் பக்கமே கிடையாது. ஆனால் சாஃப்ட்வேரோடு வந்த குறிப்பில் ஒரு வழி இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரிப்பனைக் கழற்றிவிட வேண்டும். உருளையின் மேல் மெல்லிய ரப்பர் ஒட்ட வேண்டும். தடித்த காகிதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்தினால் பின்பக்கம் புள்ளி எழும்பும்.

ரப்பருக்கு மோல்டு ஷாப்புக்குப் போனேன். அங்கே மாஸ்டர் ஏழுமலை அண்ணன். பேசினுக்கு பிளாஸ்டர் அச்சு எடுக்கிறவர். மண்பாண்டம் செய்த குடும்பம். அவர் தலைமுறையில் மோல்டுக்கு வந்துவிட்டார். சாமான் மேல் கம்பெனி முத்திரை ஒட்டும்போது தேய்க்கிற ரப்பரில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். தடித்த அட்டைக்கு, வேலை விவரம் எழுதுகிற ஜாப் கார்டு எடுத்துக்கொண்டேன்.

பின்பக்கம் புள்ளி எழும்புவதால் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி அடிக்க வேண்டும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அச்சு வேலை நடக்கிற இடத்தில் தினமும் முத்திரையைத் திருப்பி வெட்டுவதைப் பார்க்கிறவளுக்கு இதெல்லாம் தானாகவே தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமை இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

புள்ளிக்கும் புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் எவ்வளவு என்று சாஃப்ட்வேர் மில்லிமீட்டரில் கேட்டது. ரோஸ்லினின் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றை வாங்கி, மோல்டு ஷாப் மேஜையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து பத்து எழுத்தின் நீளத்தை அளந்து வகுத்துப் போட்டேன். பட்டனைத் தட்டினேன். பிரிண்டர் போட்ட சத்தத்தில் டெஸ்பாட்ச் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

4. நான் சொன்ன ஒரு வார்த்தை

முதல் பக்கத்தை ரோஸ்லின் கையில் கொடுத்தேன். விரல் ஓடியது, நின்றது, திரும்ப வந்தது. மறுபடி நின்றது.

"எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க்கா. எது எங்க முடியுதுன்னு புரியல."

அட்டவணையைப் பார்த்தேன், சரி. ரப்பரை மாற்றினேன். ஊசிக் குத்தைக் கூட்டினேன், குறைத்தேன். நாலு நாள் போனது. எக்ஸ்சேஞ்ச் திறக்க ஒன்பது நாள்தான் மீதி. என் கண்ணுக்கு எல்லாம் அழகாக இருந்தது. புள்ளி எழும்பியிருந்தது, வரிசை நேராக இருந்தது. அவள் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் சொல்லிவிட்டேன். "ஸ்கூலு விட்டு இத்தன வருஷமாச்சு ரோஸ்லின். உன் விரலுக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கும்."

"இருக்கலாங்க்கா" என்றாள். அப்புறம் அந்தப் பழைய புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் முழுக்க, எங்கும் தடுக்காமல், சத்தமாக வாசித்தாள். மூடி வைத்துவிட்டு போர்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் நான் யாரிடமும் சொன்னதிலேயே மோசமான வார்த்தை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

5. சூளைக்குப் போகாத காகிதம்

மறுநாள் காலை, இன்னொரு ரப்பர் கேட்க மோல்டு ஷாப்புக்குப் போனேன். அன்றைக்கு அவர்கள் மேஜையிலிருந்து எடுத்த ஸ்டீல் ஸ்கேலையும் திருப்பிக் கொண்டுபோனேன். ஏழுமலை அண்ணன் அதைப் பார்த்ததும் முறைத்தார்.

"இத நீயா எடுத்துட்டுப் போன? நாலு நாளா தேடுறோம். இத வெச்சு இன்னா அளந்த?"

"ரோஸ்லின் புக்குல புள்ளி அளந்தேண்ணே."

அவர் கையில் இருந்த பிளாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். "ஏம்மா, இது சுருக்க ஸ்கேலு. மண்ணு காஞ்சு, சூளையில வெந்தா சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து கோடு போட்ட ஸ்கேலும்மா இது. உன் காயிதம் சூளைக்கா போவுது?"

சாதாரண ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் ஸ்கேலில் பத்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்த இடம், மற்றதில் பதினொன்றைத் தாண்டி நின்றது. நீளமான சென்டிமீட்டரால் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். அந்தக் குறைந்த எண்ணைத்தான் நான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தேன். ரப்பரில் எழும்புகிற புள்ளி கொஞ்சம் பருமனாக வேறு இருக்கும். அது நெருங்கினால் ஒட்டாமல் என்ன செய்யும்? அந்த ஊரில் அச்சு வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஸ்கேல். ஏசி அறை மகாராணிக்கு மட்டும் தெரியவில்லை.

ஓடினேன். சரியான ஸ்கேலில் அளந்து, எண்ணை மாற்றி, ஒரு பக்கம் அடித்து எடுத்துக்கொண்டு போர்டு ரூமுக்குப் போனேன். ரோஸ்லின் விரலை வைத்தாள். விரல் நிற்கவில்லை.

"மதுரை... மன்னார்குடி... மாயவரம்..." மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பு என் மேலதான் ரோஸ்லின். உன் விரலச் சொன்னேன் பாரு" என்றேன்.

"வுடுங்க்கா. அடுத்த பக்கம் குடுங்க" என்றாள்.

6. திறப்பு நாள்

முதலாளி வந்தார். டெலிபோன் ரூமில் தேங்காய் உடைத்து, புது எக்ஸ்சேஞ்சுக்கு மாலை போட்டார்கள். ரோஸ்லின் முன்னால் ஜாப் கார்டு அட்டையில் தைத்த லிஸ்ட். காலையில் கடைசித் திருத்தம் போட்டு நான் அடித்தது. மேனேஜர் கையில் டைப் அடித்த தாள். அவர் அதைப் பார்த்துக் கேட்கக் கேட்க, அவள் தடவி எடுத்து நம்பரைச் சொல்லிப் போட்டாள். சேலம், நாகர்கோவில், கொழும்பு. ஒவ்வொன்றும் சரி. பிறகு மேனேஜர், "திருச்சி பார்ட்டி" என்றார்.

அவள் ஒரு நம்பரைச் சொன்னாள்.

"தப்பும்மா" என்றார் மேனேஜர்.

ரோஸ்லின் விரலை எடுக்கவே இல்லை. இன்னொரு தரம் தடவினாள். "இல்லீங்க சார். எனக்கு இதுதான் இருக்குது" என்றாள்.

"ரெண்டையும் போட்டுப் பாரும்மா" என்றார் முதலாளி.

மேனேஜர் சொன்ன நம்பரைப் போட்டாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஸ்பீக்கரில் டேப் ஓடியது. தன் நம்பரைப் போட்டாள். "திருச்சி, சொல்லுங்க" என்றது எதிர்முனை. அந்தப் பார்ட்டி நம்பர் மாறிய கடிதம் முந்தின நாள் தபாலில் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான். மேனேஜர் தாள் அதற்கு முந்தின வாரம் டைப் அடித்தது.

முதலாளி சிரித்துவிட்டார். மேனேஜரும் வெட்கத்தோடு சிரித்து, "எனக்கும் அந்த லிஸ்ட்டுலயே ஒரு காப்பி அடிச்சுக் குடும்மா" என்றார்.

"தரேங்க சார். ஆனா மொதல்ல நீங்க படிக்கக் கத்துக்கணும்" என்றாள் ரோஸ்லின்.

அவள் பேக்கிங்குக்குப் போகவில்லை. அந்த சீட்டிலேயே ரிட்டையர் ஆனாள்.

7. கடைசியாக

எங்கள் தமிழ் அட்டவணையை ஒரு ஃபிளாப்பியில் போட்டு ரோஸ்லினின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். அவர்கள் சாஃப்ட்வேர் எழுதியவர்களுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் புது ஃபிளாப்பி வந்தது. போட்டதும் வழக்கம்போல் பாஷைப் பட்டியல். ரோஸ்லின் பக்கத்தில் நிற்க, நான் மேலிருந்து வாசித்தேன். ஸ்வாஹிலி, ஸ்வீடிஷ், அடுத்தது தமிழ். அதற்குக் கீழேதான் துருக்கி.

"இன்னொரு தரம் படிங்க" என்றாள். படித்தேன். இன்னொரு தரம் என்றாள். எத்தனை தரம் படித்தேன் என்று ஞாபகம் இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யாருக்காகச் செய்கிறோமோ அவர் சரியில்லை என்று சொன்னால், முதலில் உங்கள் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். எங்கள் யூனிட்டில் ஸ்டீலும் பித்தளையுமாக எத்தனையோ ஸ்கேல் இருந்தன. அந்த நாலு நாளும் சரியாக அளந்தது ரோஸ்லினின் விரல் ஒன்றுதான்.