பாலத்துல விழுந்த முள்ளு

சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடு நைனா. நடுவுல சிரிச்சேன்னா நான் எழுந்து போய்க்கினே இருப்பேன். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு மந்தைவெளியில யாரை வேணா கேளு. துரை மெக்கானிக்னா தெரியாதவன் இல்ல. என் ஷெட்ல ஒரு சாமி படம் கிடையாது. எலுமிச்சம்பழம் மொளகா கட்டிக்கினு ஒரு வண்டி வந்தா, அதை அவுத்துக் கடாசிட்டுத்தான் பானெட்டையே தூக்குவேன். பேய் ஏறின வண்டின்னு இதுவரைக்கும் ரெண்டு பேரு என்கிட்ட கொண்ணாந்தாங்க. ஒண்ணுல எலி ஒயரைக் கடிச்சு வெச்சிருந்தது. இன்னொண்ணுல டிரைவர் குடிச்சிருந்தான். அவ்ளோதான் நான் பாத்த பேயி.

அதனால, இதை நான் சொல்றேன்னா பயந்து சொல்றேன்னு நினைக்காதே. எனக்கு இன்னும் எந்த நம்பிக்கையும் வரல. நடந்ததைச் சொல்றேன், நீ இன்ஜினியரிங் படிச்சவன், முடிஞ்சா நீ பதில் சொல்லு.

கேபிள் டிவி எல்லாம் வந்த புதுசு, ஆறேழு வருஷம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் ஒரு மாமி வண்டிய ஓட்டிக்கினு வந்து ஷெட் வாசல்ல நிறுத்துனாங்க. பழைய காரு, கம்பெனி பேரு வேணாம், இருபத்தஞ்சு வயசு ஆன வண்டின்னு வெச்சுக்கோ. லலிதா மாமின்னு பேரு, மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னாடி தெரு. அம்பது தாண்டின மாமி தனியா கார் ஓட்டிக்கினு வர்றது அப்போ எங்க தெருவுல வேடிக்கை. எதிர்ல இஸ்திரி போடுறவன் துணி கருகறது தெரியாம பாத்துக்கினு நின்னான்.

மாமி சொன்ன விஷயம் இதுதான். அவங்க வீட்டுக்காரர் ராகவன் சார் மார்கழி மாசம் காலைல பேப்பர் படிச்சுக்கினு இருந்தவரு அப்படியே போய்ட்டாரு. ஒரே பொண்ணு, விஜி. சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் சரியில்ல, இரும்பு மாட்டிக்கினு கட்டை ஊணி நடக்கும். அடையாறுல ஒரு கம்பெனில கம்ப்யூட்டர் வேலை. பஸ்ல ஏற முடியாது. ஆட்டோக்காரனுங்க கட்டையைப் பாத்துட்டு நிறுத்தவே மாட்டானுங்க. தினம் எட்டே முக்காலுக்குக் கிளம்பி அப்பாதான் இந்தக் கார்ல கொண்டு போய் விடுவாரு. அவரு போனதும், விஜி வேலையை விட்டுடட்டும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்களாம். மாமி நேரா டிரைவிங் கிளாஸ்ல போய்ச் சேந்து மூணு மாசத்துல லைசென்ஸ் வாங்கிட்டாங்க. எனக்கு அப்பவே அந்த மாமிய புடிச்சுப்போச்சு.

"ஆனா முதல் நாள்லேருந்து இந்த முள்ளு படுத்தறது துரை" அப்படின்னாங்க.

எந்த முள்ளுன்னா, ஆயில் பிரஷர் மீட்டர் முள்ளு. இன்ஜினுக்குள்ள ஆயில் எவ்ளோ அழுத்தத்துல ஓடுதுன்னு காட்டுற மீட்டர். நாப்பதுல நின்னா நல்லது. பூஜ்யத்துக்கு விழுந்தா இரும்பும் இரும்பும் காய்ஞ்சு உரசுதுன்னு அர்த்தம், ஒரு நிமிஷத்துல இன்ஜின் காலி. வீட்டுல கிளம்பும்போது முள்ளு நாப்பதுல நிக்குது, அடையாறு பாலத்துல நட்டநடுவுக்கு வந்ததும் பொத்துன்னு பூஜ்யத்துக்கு விழுது. தினம்.

"எங்காத்துக்காரர் சொல்லிண்டே இருப்பார், முள்ளு கீழ விழுந்தா ஒரு அடிகூட ஓட்டப்படாதுன்னு. அதான் அங்கயே நிறுத்திடறேன். பின்னாடி பஸ்காரன் கண்டபடி திட்டறான். பத்து நிமிஷம் ஆறப்போட்டு எடுத்தா சரியா போயிடறது. விஜி தினம் லேட்டு. இனிமே லேட்டா வந்தா வராதேன்னுட்டா ஆபீஸ்ல."

ஏற்கெனவே ஒரு மெக்கானிக் பாத்துட்டு, இன்ஜினை இறக்கணும், ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லிட்டானாம். ரெண்டு மாசம் கார் இல்லேன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை இல்ல, வீட்டுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. சத்தத்தைக் காதுல கேக்காம மீட்டரைப் பாத்து இன்ஜினை இறக்குறவனெல்லாம் மெக்கானிக்கா? ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டேன். இன்ஜின் கோயில் மணியாட்டம் ஓடுது. "இன்ஜின் நல்லா கீது மாமி, மீட்டர்தான் பொய் சொல்லுது, நான் ஆச்சு" அப்படின்னு சொல்லிட்டேன். வாயி சும்மா இருக்காதே எனக்கு.

தேடினதுல காரணமும் கிடைச்சுது. இன்ஜினுக்கு எர்த் குடுக்கற பட்டை இருக்கு பாரு, அதைக் கழட்டினா போல்டு அடியில கெட்டியா சந்தனமும் குங்குமமும். ராகவன் சார் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இன்ஜின்ல ஒரு போல்டு விடாம பொட்டு வெச்சிருக்காரு, அது உள்ள இறங்கி இறுகிப்போய் கரண்டை மறிச்சுக்கினு நின்னுருக்கு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பாத்தீங்களா மாமி, பக்தி பண்ற வேலைய அப்படின்னேன். மாமி சிரிக்கல. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது ஒயரு, மீட்டருக்குப் புது யூனிட் எல்லாம் போட்டு அனுப்பிட்டேன். விஷயம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலைல ஒம்போதரைக்கு மாமி ஃபோன் பண்றாங்க. அதே பாலம், அதே இடம்.

இப்ப மானப் பிரச்சினை ஆயிடுச்சு. என்கிட்ட ஒரு மீட்டர் இருக்கு. கரண்டே வேணாம் அதுக்கு. ஒரு செப்புக் குழாயை நேரா இன்ஜின்ல மாட்டினா ஆயிலே அந்தக் குழாயில ஏறி வந்து முள்ளைத் தள்ளும். கரண்டு பொய் சொல்லும், ஆயில் பொய் சொல்லாதுன்னு என் ஷெட்ல வர்றவன் போறவன்கிட்டல்லாம் நான் சொல்வேன். அதை மாட்டி, குழாயைப் பானெட் இடுக்கு வழியா வெளிய எடுத்து, கண்ணாடிக்கு முன்னாடி தெரியற மாதிரி வைப்பர்ல கட்டினேன். அன்னைக்குப் பதினோரு மணிக்கு நான் மட்டும் தனியா பாலத்துல போனேன், வந்தேன், மறுபடி போனேன். ரெண்டு முள்ளும் நாப்பதுல அசையாம நிக்குது. சரி, நாளைக்குக் காலைல நானே ஓட்டுறேன், நீங்க ரெண்டு பேரும் உக்காருங்கன்னு சொல்லிட்டேன்.

நல்ல வெளிச்சம் நைனா, அதை நல்லா கேட்டுக்கோ. ராத்திரி இல்ல, மழை இல்ல, நான் குடிச்சிருக்கல. காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். மாமி முன்னாடி, விஜி பின்சீட்டுல கட்டையை மடியில வெச்சுக்கினு. கிரீன்வேஸ் ரோடு சிக்னல் தாண்டி பாலத்துல ஏறுறோம். நடுப் பாலம் வந்துச்சு. உள்ள இருக்கற முள்ளு விழுந்துச்சு. அதோட கூடவே, வெளிய வைப்பர்ல கட்டியிருந்த என்னோட மீட்டர், அந்தப் பொய் சொல்லாத மீட்டர், அதுவும் பூஜ்யம்.

மாமி கத்தறாங்க. "நிறுத்துங்கோ துரை, நிறுத்துங்கோ!"

என் மீட்டரே பூஜ்யம்னா இன்ஜின் செத்துக்கினு இருக்குன்னு அர்த்தம். நான் நிறுத்தாம போய் இன்ஜின் இறுகி மாட்டிக்கிச்சுன்னா அந்தப் பொண்ணோட வேலையை நானே சாவடிச்ச மாதிரி. ஆனா சத்தம் மாறலயே! ஆயில் இல்லேன்னா மேல டப்பா குலுக்கற மாதிரி கடகடன்னு சத்தம் வரணும். இது அப்படியே மணி மாதிரி ஓடுது. "மாட்டேன் மாமி, இந்த முள்ளா என் காதான்னு பாத்துடறேன்"னு சொல்லிட்டு மிதிச்சேன்.

அப்பத்தான் பின்னாடி ஒரு முணுமுணுப்பு. விஜி எண்ணிக்கினு இருக்கு. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுன்னு சொன்னதும் ரெண்டு முள்ளும் ஒண்ணா எழுந்து நாப்பதுக்குப் போய் நின்னுச்சு.

வண்டிய ஓரம் கட்டித் திரும்பிப் பாத்தேன். அந்தப் பொண்ணு முகமெல்லாம் கண்ணீரு, ஆனா சிரிச்சுக்கினு இருக்கு.

"அம்மா, உனக்குத் தெரியாது. அப்பா நடுப் பாலம் வந்ததும் நியூட்ரல் போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிடுவார். பெட்ரோல் மிச்சம்னு சொல்லி இறக்கத்துல அப்படியே உருட்டிண்டு வருவார். நான் எண்ணணும். முப்பத்தெட்டுல மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுவார். அம்மாகிட்ட சொல்லாதே, திட்டுவான்னு சொல்லியிருந்தார்."

மாமி டாஷ்போர்டுல இருந்த மீட்டர் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால தொடைச்சாங்க.

புரியுதா உனக்கு? இன்ஜினை ஆஃப் பண்ணா பிரஷர் பூஜ்யம்தான் காட்டும். முள்ளு பொய்யே சொல்லல. ஆனா நான் ஓட்டின ஓட்டத்தை அது காட்டல. நீ இப்ப இன்னா சொல்லப்போறேன்னு தெரியும், இறக்கத்துல ஆயில் முன்னாடி ஓடியிருக்கும்னு சொல்லுவே. ஆபீஸ்ல விஜியை இறக்கிட்டு நானும் மாமியும் மட்டும் அதே பாலத்துல ரெண்டு தடவை சுத்தினோம். அதே இறக்கம், அதே ஆயில், முள்ளு அசையல. விஜி வண்டில இருந்தா விழுது, இல்லேன்னா இல்ல. இதுக்கு உன் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல பதில் கீது?

மாமி கேட்டாங்க, "இப்போ நான் என்ன பண்ணட்டும் துரை?"

"போய்க்கினே இருங்க மாமி. முள்ளு விழும், எழுந்துக்கும். நீங்க நிறுத்தாதீங்க. இன்ஜினுக்கு நான் பொறுப்பு."

மூணு வருஷம் ஓட்டுனாங்க. ஒரு நாள் விஜி லேட்டு இல்ல. இன்ஜினை யாரும் திறக்கவே இல்ல. அப்புறம் விஜி ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் வாங்கி தானே ஓட்டிக்கினு போக ஆரம்பிச்சுடுச்சு. காரைப் புதுப்பேட்டைல குடுத்தாங்க, அங்க துண்டு துண்டா கழட்டிட்டானுங்க, நானே கூடப் போய்ப் பாத்தேன். இதோட கதை முடிஞ்சிருந்தா நான் உன்கிட்ட சொல்லியே இருக்க மாட்டேன்.

என் மீட்டரை அந்தப் பாலத்துக்குப் போய் வந்த அன்னைக்கே கழட்டி, ஷெட்ல ஆணியில மாட்டிட்டேன். குழாய் எதுலயும் மாட்டல, வாயைத் திறந்துக்கினு தொங்குது. ஒரு வாரம் கழிச்சு டீ குடிச்சுக்கினே பாக்கறேன், முள்ளு நாப்பதுல நிக்குது. மாட்டிக்கிச்சு போலன்னு தட்டினேன். அசையல. கொஞ்ச நேரத்துல தானா பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி எழுந்துச்சு. மணி பாத்தேன், ஒம்போது அடிக்கப்போவுது. மறுநாளும் அதே. எட்டே முக்காலுக்கு எழுந்துக்கும், பாலம் வர்ற நேரத்துக்கு விழும், எழுந்துக்கும், ஒம்போதே காலுக்குப் படுத்துடும். ஞாயித்துக்கிழமை எழுந்துக்கவே எழுந்துக்காது. குழாய் வாயில திருகாணி போட்டு அடைச்சுப் பாத்தேன். மீட்டர் ரிப்பேர்காரன்கிட்ட குடுத்துப் பிரிச்சும் பாத்தாச்சு. நல்லா இருக்குன்னான். காரைப் பிரிச்சதுக்கப்புறம் நிக்கும்னு எதிர்பாத்தேன். நிக்கல.

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை முள்ளு எழுந்துக்கல. எட்டே முக்கால் ஆச்சு, ஒம்போது ஆச்சு, அப்படியே கிடக்குது. மத்தியானம் தாங்காம மாமிக்கு ஃபோன் போட்டேன். சும்மா விசாரிக்கற மாதிரி விஜி எப்படி இருக்குன்னு கேட்டேன். "அவளுக்கு ஜுரம் துரை, லீவு போட்டுட்டுப் படுத்துண்டிருக்கா" அப்படின்னாங்க.

ஜுரம் விட்டதும் விஜி ஸ்கூட்டருக்குக் காத்து புடிக்க வந்துச்சு. பாலத்துல வண்டிய ஆஃப் பண்ணி உருட்டறியாம்மான்னு கேட்டேன். "ஐயோ, இல்லண்ணா, எனக்கு அதெல்லாம் பயம்" அப்படின்னு சொல்லிச்சு. அதுக்குமேல நான் கேக்கல. மீட்டரையும் காட்டல.

நான் இப்பவும் சாமி படம் மாட்டல, மாட்டவும் மாட்டேன். பயந்துட்டேன்னு எவனும் சொல்லக்கூடாது. ஆனா முள்ளு விழுந்ததும் என்னை அறியாம எண்ண ஆரம்பிச்சுடறேன். எப்பவும் முப்பத்தெட்டுதான், ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. இன்னைக்குக் காலைல முப்பத்தெட்டு தாண்டிச்சு. அறுபது ஆச்சு, நூறு ஆச்சு, முள்ளு பூஜ்யத்துலயே கிடக்குது. நூத்தி நாப்பது எண்ணினப்புறம்தான் எழுந்துச்சு. இப்ப நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஆட்டோக்காரன் பிளக் மாத்த வந்தான். காலைல ஒம்போது மணிக்கு அடையாறு பாலத்துல ஒரு பஸ் பிரேக்டவுன் ஆயி நின்னு ஒரே டிராபிக்குன்னு புலம்பிட்டுப் போறான்.