அழாமல் வளர்க்கக்கூடிய ஒன்று

அக்கா போய் ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டியவர்கள், அக்காவின் குணநலன்களை விரிவாக எழுதும்படி சொன்னார்கள். அதெல்லாம் எனக்கு வராது. அக்கா கடைசிக் காலத்தில் எதற்காக அலைந்தார் என்பதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்துகொள்ள அது போதும்.

தன்னாமுனையில், வாவியில் மீன்பிடித்த எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அவருக்குப் பின் நான் ஒருத்திதான். படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும், அம்மா நோயில் விழுந்ததால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். மேசன் வேலை செய்த அத்தானைக் கைப்பிடித்து அம்மாவின் வீட்டு வளவிலேயே குடியிருந்தார். அடுத்த வளவு எனக்கு. மகன் அன்ரன் கைக்குழந்தையாக இருக்கையில், நாட்டுப் பிரச்சினை, போர் என்று இருந்த காலத்தில், செங்கலடிச் சந்தைக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அக்கா துக்கம் காக்கவுமில்லை, வேறு வாழ்க்கையைப் பற்றி எங்களைப் பேசவிடவுமில்லை. வாசல் படலையில் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பார். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் பார்த்தார்.

அன்ரனுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சல் மூளையைத் தாக்கியது. இன்று அவனுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ஆள் பலசாலி, சொன்ன வேலையைத் தவறாமல் செய்வான். ஆனால் பேச்சு சில சொற்களே. காசு தெரியாது, தனியே தெருவைக் கடக்கத் தெரியாது. அக்கா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து அவனை வளர்த்தார். வயிற்றில் கட்டி, இரண்டு வருடம் தாண்டுவது கடினம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, வீடு வந்து வளவைச் சுற்றி நடந்தார். அன்ரனை அடுப்போடு தனியே விட முடியாது, அவன் தன் கையால் வளர்த்துப் பிழைக்க ஏதாவது வேண்டும் என்றார். நான் மருந்தைப் பற்றிப் பேசப் போனேன். அவர் மாட்டைப் பற்றிப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பால் மாடு ஒன்று நின்றால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வளவோ கால் ஏக்கர். கோடையில் கிணறு உவர்க்கும். மேய்ச்சல் தரைக்கெல்லாம் வேலி அடைத்தாயிற்று. மாடு வயல் வட்டைக்குள் இறங்கி நெற்பயிரைத் தின்றால், வயற்காரரோடு வாதாட அன்ரனுக்கு வாய் இல்லை. மாடு வேண்டாம் என்று அக்கா முடிவெடுத்தார்.

ஆடு இரண்டு வாங்கிப் பார்த்தார். நன்றாகவே வளர்ந்து குட்டிகளும் போட்டன. கிடாய்க் குட்டியை ஏறாவூர் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது அன்ரன் பின்னாலேயே ஓடினான். பெரிய தெரு வரை ஓடிப்போய், வாகனங்களுக்கு நடுவில் நின்று கத்தினான். எஞ்சிய ஆடுகளை அக்கா அந்த வாரமே சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு கோழி வளர்த்தார். நோய் வந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அன்ரன் செத்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தான்.

அந்த நாட்களில் வளவு பார்க்க வந்தார் ஒரு கால்நடை உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. எதை வளர்த்தால் என்ன லாபம் வரும் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“லாபத்த நான் கேக்கல்ல தம்பி. எண்ட மகன் அழாம வளக்கக்கூடிய ஒண்டச் சொல்லுங்க.”

அந்தப் பிள்ளை முட்டைக்குத் தாரா, அதாவது வாத்து, வளர்க்கச் சொன்னார். கோழியைப் போல இலேசில் நோயில் விழாது. வாவிக் கரையில் பாதித் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். இறைச்சிக்கு விற்க வேண்டியதில்லை. குடிக்க நல்ல தண்ணீர் மட்டும் வைத்தால் சரி. காத்தான்குடியிலிருந்து முட்டை வியாபாரி, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், படலைக்கே வந்து எடுக்க ஒத்துக்கொண்டார். முட்டை நின்றுபோன கிழத் தாராக்களையும் விற்கக் கூடாது என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கினார். நட்டம் என்றேன். கிடக்கட்டும் என்றார். காலையில் திறந்துவிடுவதும், முட்டை பொறுக்குவதும், பின்னேரம் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கூட்டுக் கதவைச் சாத்துவதும் அன்ரனின் வேலை. வலியோடு கதிரையில் இருந்தபடியே அதை அவனுக்குப் பழக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்த அக்கா, கடைசியில் வீட்டிலேயே, செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில் கண் மூடினார்.

அடக்கத்துக்கு அன்ரனைக் கொண்டுபோக வேண்டாம், தாங்கமாட்டான் என்று உறவினர்கள் தீர்மானித்தார்கள். நல்லெண்ணம்தான். அன்று பின்னேரம் தாராக்கள் எல்லாம் கூட்டுக்குள் வந்த பிறகும் அவன் கதவைச் சாத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். “அம்மா வரல்ல” என்றான். வாகனத்தில் போன அம்மா ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததைத்தானே அவன் கண்டிருக்கிறான். மாதக்கணக்காக, நான் சாத்தினால் அவன் திறந்தான். மரநாய் தாராக்களைக் கொண்டுபோனது. கோழிக்காகப் பட்டினி கிடந்தவன், சிந்திக் கிடந்த இறகுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா அத்தனை பாடுபட்டுத் தேடிக் கொடுத்தது கண்முன்னே அழிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. படலையைப் பார்த்துக்கொண்டே இருந்த அக்காவின் பக்கத்தில் வாழ்ந்தவள் நான். அந்தப் பார்வை இப்போது மகனிடம் வந்திருந்தது.

சென்ற மாதம் அவன் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து சேமக்காலைக்குக் கூட்டிப்போனேன். அம்மாவின் கல்லறைச் சிலுவையில் இருந்த அவரது படத்தைக் காட்டினேன். அவன் குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்தான்.

“அம்மா உள்ளயா?”

“ஓம் மகன். அம்மா உள்ளதான்.”

“சாத்தியாச்சா?”

“சாத்தியாச்சு.”

அங்கேயே குந்தியிருந்து அழுதான். நான் தடுக்கவில்லை. அவன் அழாமல் இருக்க வேண்டும் என்று அக்கா பட்ட பாடெல்லாம் நினைவில் வந்தது. ஆனாலும் இந்த ஒரு அழுகையை அவனுக்குக் கொடுக்காமல் விட்டது பிழை என்றுதான் எனக்குப் பட்டது. அன்று பின்னேரம் அவனே கூட்டுக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டான்.

அக்காவின் வலியைத் தணித்த தாதியருக்கும், வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அயல் பிள்ளைகளுக்கும், மழை நாளிலும் தவறாமல் படலைக்கு வரும் நானாவுக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

ஆண்டுத் திருப்பலி முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வரும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்ரன் உங்களைத் தாராக் கூட்டைக் காட்டக் கூட்டிப்போவான், போய்ப் பாருங்கள். அவன் முகத்தைக் கண்டு மனம் இளகி, அம்மா வருவா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இன்று பின்னேரம் அவன் கதவைத் திறந்தே வைப்பான்.